அண்டர் கன்சிடரேஷனில் இருந்த வீடு

எங்கள் வீட்டுக் கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. நான் தொடக்கப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது சேலையூரில் அந்த வீட்டுக்குக் குடிவந்தோம். நான் வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கிய பிறகும் கிணற்றைச் சுற்றி நாலு மூங்கில் கழியும் ஒரு கயிறும்தான் இருந்தன. யார் கேட்டாலும் அப்பா ஒரே பதில் சொல்வார்.

"அண்டர் கன்சிடரேஷன்."

பரிசீலனையில் இருக்கிறது என்று அர்த்தம். குளியலறைக்குக் கூரை கிடையாது. அதற்கு வேறு பதில் வைத்திருந்தார். "ஸ்டெப்ஸ் ஆர் பீயிங் டேக்கன்." நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறதாம். யார் எடுக்கிறார்கள், எங்கே நின்று எடுக்கிறார்கள் என்றெல்லாம் கேட்கக் கூடாது. மழைக்காலத்தில் அம்மா ஒரு கையில் சோப்பு டப்பாவும் மறு கையில் குடையுமாகக் குளிக்கப் போவாள். குளிக்கப் போகும்போது குடை எடுத்துக்கொண்டு போகிற குடும்பம் அந்தக் காலனியில் எங்களுடையது ஒன்றுதான்.

அப்பா பட்டணத்தில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் ஹெட் கிளார்க். ஜனங்கள் கொடுக்கிற மனுக்களுக்குப் பதில் எழுதுகிற பிரிவு அவருடையது. காலையில் தாம்பரத்தில் எலெக்ட்ரிக் டிரெயின் ஏறி, நாள் முழுக்கப் பதில் எழுதிவிட்டு, சாயங்காலம் அதே டிரெயினில் திரும்புவார். அங்கே எழுதிய இங்கிலீஷில் கொஞ்சம் டிபன் கேரியரோடு வீட்டுக்கும் வந்துவிடும். மற்றபடி வீட்டில் நல்ல தமிழ்தான் பேசுவார். உப்பு குறைந்தால் உப்பு குறைந்தது என்பார். ஆமாம், இல்லை என்று இரண்டில் ஒன்றைச் சொல்லியாக வேண்டிய நேரம் வந்தால் மட்டும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு இங்கிலீஷுக்குத் தாவிவிடுவார். அம்மாவுக்கு அந்தக் கனைப்பு அத்துப்படி. அவர் வாயைத் திறப்பதற்குள், "போச்சு, இந்த வருஷமும் இல்ல" என்று எழுந்து போய்விடுவாள்.

ஒவ்வொரு வருஷமும் பொங்கல் முடிந்ததும் கொத்தனார் ஒருவர் வாசலில் வந்து நிற்பார். அந்தப் பக்கத்து ஆள். பாதிக் காலனியைக் கட்டியவர்.

"இன்னா சார், கெணத்து வேலை இந்த வருசமாச்சும் உண்டா?"

"அண்டர் கன்சிடரேஷன்ல இருக்குப்பா."

சில வருஷங்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு தடவை அவர் கேட்டேவிட்டார். "அந்தக் கன்சிடரேசன் சாரு எங்க கீறாருன்னு சொல்லு சார். நானே போய்ப் பேசிக்கிறேன். நீ ஏன் நடுவுல பேஜார் ஆவுறே?"

அப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் சுவர் வரவில்லை.

எனக்கு இந்த இங்கிலீஷ் மீது முதலில் கோபம் கிடையாது. வேடிக்கையாகத்தான் இருந்தது. பள்ளிக்கூடத்தில் தோழிகள், வீட்டுப் பாடம் முடித்தாயா என்று கேட்டால், "ரிசீவிங் அட்டென்ஷன்" என்று சொல்லிச் சிரிக்க வைப்பேன். கவனிக்கப்பட்டு வருகிறது. டீச்சரிடம் ஒரு தடவை அப்படிச் சொல்லி வெளியே நின்றேன். அப்பாவிடம் போய்ச் சொன்னபோது, "நம்ம ஆபீஸா இருந்தா உன்னை உள்ளே கூப்பிட்டு உட்கார வச்சிருப்பாங்க" என்றார்.

ஆசிரியர் பயிற்சி முடித்த பிறகு ஒரு நாள் ஏதோ சான்றிதழுக்காக அவருடைய அலுவலகத்துக்குப் போயிருந்தேன். வெள்ளைப் புடவை கட்டிய அம்மாள் ஒருவர் அவர் மேஜைக்கு எதிரே நின்றுகொண்டிருந்தார். கணவருடைய பென்ஷன் விஷயம். அப்பா அவரை நாற்காலியில் உட்காரவைத்து, தண்ணீர் வரவழைத்துக் கொடுத்து, பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டார். பிறகு தொண்டையைக் கனைத்தார். எனக்குப் பகீர் என்றது.

"தி மேட்டர் ஈஸ் ரிசீவிங் அட்டென்ஷன், அம்மா."

அந்த அம்மாள் இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டுவிட்டு நிம்மதியாகப் படியிறங்கிப் போனார்.

"வருமா அந்தப் பென்ஷன்?" என்று கேட்டேன்.

"கஷ்டம்தான். ரூல்ல இடமில்லை."

"அப்போ சொல்லிட வேண்டியதுதானேப்பா?"

"சொன்னா பஸ்ஸுல அழுதுகிட்டே போவாங்க. இப்போ எப்படிப் போறாங்க பார்."

"அடுத்த மாசம் மறுபடி வருவாங்க."

"வரட்டுமே பாப்பா. வர்ற வரைக்கும் ஒரு நம்பிக்கை இருக்கும்ல?"

இதுதான் அப்பா. இல்லை என்ற சொல்லை அவர் ஆயுதமாக நினைத்தார். அதை யார் மீதும் எடுக்க அவருக்கு மனசு வராது. சரி என்று சொல்லவும் பயம், சொல்லிவிட்டால் அதற்கு மேல் யோசிக்க முடியாதே. அதனால் நடுவில் ஒரு வராந்தாவைக் கட்டி, எல்லோரையும் பெஞ்சு போட்டு உட்காரவைத்துவிட்டார். நல்ல மனசுதான். ஆனால் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தானே இடுப்பு வலிக்கும். இதை அன்றைக்கே அவரிடம் சொன்னேன். நீ டீச்சராகத்தான் லாயக்கு என்றார்.

அவருக்கும் அதே வைத்தியம் நடந்தது என்பதுதான் வேடிக்கை. சூப்பரின்டெண்டென்ட் பதவி உயர்வு அவருக்கு வர வேண்டியது வருஷக்கணக்கில் தள்ளிக்கொண்டே போயிற்று. அவரிடம் வேலை கற்றுக்கொண்டவர்களெல்லாம் மேலே போனார்கள். ஒரு நாள் ரொம்ப சந்தோஷமாக வீட்டுக்குள் நுழைந்தார்.

"ஆக்டிவ் போட்டிருக்காங்க! இதுவரைக்கும் வெறும் கன்சிடரேஷன். இப்போ ஆக்டிவ் கன்சிடரேஷன்!"

"அதாவது இதுவரைக்கும் அடுப்புல இருந்தது. இப்போ அடுப்பைப் பத்த வச்சிருக்காங்க" என்றாள் அம்மா. "இறக்கும்போது சொல்லுங்க, இலை போடறேன்."

அப்பா கோபித்துக்கொள்ளவில்லை. அவர் ஓய்வு பெறும் வரைக்கும் அம்மா இலை போடவே இல்லை.

எனக்குத் தாம்பரம் ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே ஒரு பள்ளியில் வேலை கிடைத்தது. பள்ளி விட்ட பிறகு நோட்டுப் புத்தகங்களைத் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அப்பாவின் டிரெயின் வரும் நேரத்துக்கு ஸ்டேஷன் வாசலுக்குப் போய் நிற்பேன். அங்கிருந்து சேலையூருக்கு நடந்தே வருவோம். பஸ் உண்டு. ஆனால் அப்பா, "காத்தோட்டமா நடக்கலாமே" என்பார். கடலை வண்டிக்காரரிடம் இரண்டு பொட்டலம் வாங்குவார். தன்னுடையதைச் சீக்கிரம் முடித்துவிட்டு என்னுடையதில் கை வைப்பார். டிரெயினில் சீட்டாடுகிறவர்கள் போட்ட சண்டை, மேலதிகாரி மூக்குக் கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு ஊர் முழுக்கத் தேடியது, எல்லாம் அந்த நடையில்தான் சொல்வார். வீட்டுக்குள் நுழைந்ததும் பேச்சு குறைந்துவிடும். நான் அவருக்கு ஒரே பெண். அந்த நேரம் எங்கள் இரண்டு பேருடையது. அம்மா அதில் தலையிட மாட்டாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் தாம்பரம் சர்ச்சில், எங்கள் வழக்கில் கோயிலில், நான் பாடிக்கொண்டிருந்த பாடகர் குழுவில் புதிதாக ஒருவர் சேர்ந்தார். படப்பையில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர். அப்போது அங்கே எங்கள் சபைக்கு ஆலயம் கிடையாது. அதனால் ஞாயிறு தவறாமல் பஸ் பிடித்துத் தாம்பரத்துக்கு வருவார். ஆண்கள் வரிசையில் பின்னால் நின்று அடிக்குரலில் பாடுவார். குரல் நன்றாக இருக்கும். தாளம்தான் எப்போதும் அரைப் படி பின்னால் வரும். ஒத்திகையில் நான் அதைச் சொல்லிக் கிண்டல் செய்தேன்.

"படப்பை பஸ்ஸுல வர்றேன் டீச்சர். அது எப்பவும் லேட்டு" என்றார்.

அவ்வளவுதான் ஆரம்பம். அதற்கப்புறம் எப்படி எப்படியோ வளர்ந்து, ஒரு கிறிஸ்துமஸ் சமயத்தில் இரண்டு பேருக்கும் விஷயம் தெளிவாகிவிட்டது. எங்கள் வீட்டில் காதல் என்றால் வானம் இடிந்து விழாது. சபையும் ஒன்று, பையனும் வாத்தியார், குடிப்பழக்கம் கிடையாது. முறைப்படி பெண் கேட்டு வரட்டும் என்றாள் அம்மா.

அவருக்கு அப்பா இல்லை. அம்மாவை அழைத்துக்கொண்டு வந்தார். பஸ்ஸில் ஏறினால் தலை சுற்றும் என்பதால் பண்டிகைக்கு மட்டும் கோயிலுக்கு வருகிற பெண்மணி. வெள்ளந்தியான மனசு, நேரடியான வாய். அப்பா அவர்களை வரவேற்று, காபி கொடுத்து, படப்பைச் சந்தையில் கத்தரிக்காய் என்ன விலை என்பது வரைக்கும் விசாரித்தார். பையனை அவருக்குப் பிடித்துவிட்டது என்று நன்றாகத் தெரிந்தது. கிணற்றைக்கூடக் காட்டினார். கடைசியில் அந்த அம்மா கேட்டார்.

"அப்போ பொண்ணைக் குடுக்கிறீங்களா சார்?"

அப்பா கனைத்தார். அம்மா சமையலறையில் பாத்திரத்தை டங்கென்று வைத்தாள்.

"தி மேட்டர் ஈஸ் அண்டர் கன்சிடரேஷன்."

அந்த அம்மா மகனைத் திரும்பிப் பார்த்தார். "இன்னாடா சொல்றாரு?"

"யோசிக்கிறாராம்மா."

"நல்ல மனுசன். பொண்ணைப் பெத்தவரு யோசிக்கத்தானே வேணும். யோசிக்கட்டும்" என்று சொல்லி, மனநிறைவோடு எழுந்து போனார்.

அப்பா யோசித்தார். ஈஸ்டர் வந்தது, யோசித்தார். அறுப்பின் பண்டிகை வந்தது, யோசித்தார். மறு கிறிஸ்துமஸும் வந்து, கேக்கும் தீர்ந்துபோனது. நடுநடுவே நான் கேட்பேன். பதிலில் முன்னேற்றம் இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. முதலில் அண்டர் கன்சிடரேஷன். பிறகு பீயிங் எக்ஸாமின்ட், அதாவது ஆராயப்பட்டு வருகிறது. ஒரு தடவை ஆக்டிவ் கன்சிடரேஷன் கூட ஆனது. ஆக்டிவின் லட்சணம் எனக்குத் தெரியாதா? அன்று தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன்.

படப்பையில் அந்த அம்மா மகனைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். "இன்னும் யோசிச்சுகினே கீறாராடா அந்த மனுசன்? அப்படி இன்னாதான் யோசிக்கிறாரு?"  எனக்கே தெரியாதபோது அவருக்கு எப்படித் தெரியும்?

புது வருஷம் பிறந்ததும் அந்த அம்மா ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். லெந்து காலம் தொடங்குவதற்குள் பெண் வீட்டில் ஆமாமா இல்லையா என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் செங்கல்பட்டில் ஒரு பெண் இருக்கிறாள், பேசி முடித்துவிடலாம் என்று மகனிடம் சொல்லிவிட்டார். லெந்து என்பது ஈஸ்டருக்கு முந்திய உபவாச நாட்கள். லெந்து முடியும் வரை கோயிலில் கல்யாணம் நடத்த மாட்டார்கள்.

ஒத்திகை முடிந்து அவர் என்னிடம் இதைச் சொன்னபோது முகம் தொங்கிப்போயிருந்தது. "அந்தப் பொண்ணை நான் கட்ட மாட்டேன், அது நிச்சயம். ஆனா அம்மாகிட்ட இன்னும் எத்தனை நாள் யோசிக்கிறாருன்னே சொல்லிட்டிருக்கிறது? எனக்கே சந்தேகம் வந்துடுச்சு டீச்சர். உங்கப்பாவுக்கு என்னைப் பிடிக்கலைன்னா சொல்லிடச் சொல்லுங்க. நான் ஒதுங்கிக்கிறேன்."

ஒதுங்கிக்கொள்கிறாராம். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் ஸ்டேஷனிலிருந்து நடந்து வரும்போது அப்பா வழக்கம்போல இரண்டு பொட்டலம் வாங்கினார். ஏதோ சீட்டாட்டக் கதையை ஆரம்பித்தார். நான் நடுவிலேயே நிறுத்தினேன்.

"அப்பா, எனக்கு இன்னிக்கு ஒரு பதில் வேணும். பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லுங்க. நான் அழுதாலும் பரவாயில்லை. சரின்னா சரின்னு சொல்லுங்க. நான் உங்க ஆபீஸுக்கு மனு கொடுத்த ஆள் இல்லப்பா."

அப்பா நின்றார். பொட்டலத்தைப் பார்த்தார். ரோட்டில் போன பஸ்ஸைப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சங்கடத்தை நான் அதுவரை கண்டதில்லை. சொல்லிவிடப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

கனைத்தார்.

"இட் ஈஸ் ரிசீவிங் அட்டென்ஷன், பாப்பா."

கையிலிருந்த கடலைப் பொட்டலத்தை ரோட்டிலேயே வீசிவிட்டு விறுவிறுவென்று நடந்தேன். அவர் பின்னாலேயே வந்தார். கூப்பிடவில்லை. வீடு வரும் வரைக்கும் அவருடைய செருப்புச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அதற்கப்புறம் அவருடைய டிரெயினுக்கு நான் காத்திருக்கவில்லை. பள்ளி விட்டதும் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிடுவேன். அவர் தனியாக நடந்து வருவார். வந்ததும் எனக்கென்று ஒரு பொட்டலத்தை மேஜை மேல் வைப்பார். நான் தொட மாட்டேன். அம்மா எடுத்துத் தின்றுவிடுவாள்.

கடலை தின்றுகொண்டே அம்மா ஒரு நாள் சொன்னாள். "உங்கப்பா வாயிலேர்ந்து பதில் வராது. அவருக்கு அந்த இடத்துல வாய் கிடையாது. ஓலை வாசிக்கச் சொல்லிட வேண்டியதுதான்."

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனையின்போது அறிவிப்பு வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், யாருக்காவது தடை தெரிந்தால் எழுந்து சொல்லலாம் என்று. அதற்குப் பெயர்தான் ஓலை வாசிப்பது. வாசித்த பிறகு குறிப்பிட்ட மாதங்களுக்குள் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும். தவறினால் ஓலை செல்லாது, திரும்ப முதலிலிருந்து வாசிக்க வேண்டும். லெந்து தொடங்குவதற்கு முன் மூன்று ஞாயிறுகள் சரியாக மிச்சமிருந்தன.

"ஓலைக்குக் கெடு உண்டு. உங்கப்பாவோட கன்சிடரேஷனுக்குத்தான் கெடு இல்லை" என்றாள் அம்மா. பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு அவள்தான் தலைவி. கெடு வைத்துக் காரியம் முடிப்பதில் அவளுக்கு அனுபவம் உண்டு.

என்னையும் இழுத்துக்கொண்டு போதகர் வீட்டுக்குப் போனாள். போதகர் ஐயா வயதானவர். அப்பாவிடம் அவருக்கும் ஒரு பழைய மனத்தாங்கல் இருந்தது. அப்பா சபைக் கமிட்டிக்குச் செயலாளர். ஆலயத்து மணிக்கூண்டில் கயிறு மாட்டும் உருளை உடைந்து வெகுநாளாகி, மணியடிக்கக் கோயில்பிள்ளை, அதாவது கோயில் பணியாள், ஏணி போட்டு ஏறிக்கொண்டிருந்தார். கமிட்டிக் கூட்டம் தோறும் அப்பா எழுந்து, ஸ்டெப்ஸ் ஆர் பீயிங் டேக்கன் என்று சொல்லிவிட்டு உட்காருவார். ஸ்டெப்ஸ் ஏறுகிறவர் கோயில்பிள்ளை ஒருவர்தான் என்று போதகர் முணுமுணுப்பாராம்.

அம்மா விஷயத்தைச் சொன்னாள். போதகர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஐயாவுக்குச் சம்மதம்தானே?" என்றார்.

"அண்டர் கன்சிடரேஷன்ல வச்சிருக்காரு, ஐயா."

போதகர் கண்ணை மூடிக்கொண்டார். மணிக்கூண்டை நினைத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். பிறகு, "தாயோட சம்மதம் போதும்மா. வர்ற ஞாயிறே வாசிச்சிடறேன். ஆனா ஒண்ணு. அவர் எழுந்து நின்னு தடைன்னு சொன்னா நான் நிறுத்தித்தான் ஆகணும்" என்றார்.

"எழுந்து நிக்கணுமா கூடாதான்னு முடிவு பண்ணவே அவருக்கு ஒரு வருஷம் ஆகும், ஐயா. நீங்க தைரியமா வாசிங்க."

போதகர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். ஆனால் வீடு திரும்பும்போது சிரிப்பு போய்விட்டது. அப்பாவுக்குத் தெரியாமல் ஒரு காரியம் அதுவரை எங்கள் வீட்டில் நடந்ததில்லை.

அம்மா சொல்லியனுப்பியதால் அந்த ஞாயிற்றுக்கிழமை படப்பையிலிருந்து அவருடைய அம்மாவும் வந்திருந்தார். தலைசுற்றலுக்கு எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வந்திருந்தார். பெண்கள் பக்கத்தில் என் அம்மாவோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டார். அப்பா ஆண்கள் பக்கத்தில் அவருடைய வழக்கமான இடத்தில், மூன்றாவது வரிசை ஓரத்தில், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். பாடகர் குழு சபையைப் பார்த்தபடி இருக்கும். அதனால் எனக்கு அவர் முகம் நேரே தெரிந்தது. அன்று முதல் பாட்டில் அரைப் படி பின்னால் வந்தது நான்தான்.

அறிவிப்புகள் ஆரம்பமாயின. ஓய்வுநாள் பள்ளி, வீட்டு ஜெபக் கூட்டம், யாருக்கோ சுகவீனம். பிறகு போதகர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஓலையை எடுத்தார். என் பெயரை வாசித்தார். அப்பா பெயரை வாசித்தார். படப்பைக்காரர் பெயரை வாசித்தார். இது முதலாம் அறிவிப்பு என்றார்.

"இவர்கள் விவாகத்தில் சேரக்கூடாதபடி தடை ஏதாவது உங்களில் யாருக்காவது தெரிந்திருந்தால், இப்போது தெரிவிக்கலாம்."

வழக்கமாக இந்த இடத்தில் ஒரு மூச்சு விடும் நேரம் அமைதியாக இருக்கும். யாராவது இருமுவார்கள். போதகர் அடுத்த அறிவிப்புக்குப் போய்விடுவார். எனக்கு நினைவு தெரிந்து அந்தக் கோயிலில் யாரும் எழுந்ததில்லை.

அப்பா எழுந்தார்.

யோசிக்கவெல்லாம் இல்லை. சட்டென்று எழுந்துவிட்டார். கோயில் மொத்தமும் திரும்பியது. என் முதுகுக்குப் பின்னால் அடிக்குரலில் "போச்சு" என்று கேட்டது. அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். போதகர் ஓலையைத் தாழ்த்தி அம்மாவைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார்.

"ஐயா, தடை ஏதாவது சொல்லணுமா?"

அப்பா கனைத்தார்.  ஆண்டவரே, சபை நடுவில் அந்த இங்கிலீஷ் வேண்டாம் என்று வேண்டிக்கொண்டேன். 

"தி மேட்டர்..." என்று ஆரம்பித்தார்.

அதற்கு மேல் வரவில்லை. இன்னொரு தடவை கனைத்தார்.  வாழ்நாள் முழுக்க அந்த இடத்தில் கைகொடுத்த வாக்கியம் அன்றைக்கு அவரைக் கைவிட்டுவிட்டது. முன்னாலிருந்த பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டார். என்னைப் பார்த்தார். பிறகு போதகரைப் பார்த்து, உப்பு குறைந்தது என்று சொல்வாரே, அதே சாதாரணத் தமிழில் பேசினார்.

"தடை ஒண்ணும் இல்லீங்க, ஐயா. பையன் தங்கமான பையன். இவ படப்பைக்குப் போயிட்டா சாயங்காலம் ஸ்டேஷன்லேர்ந்து நான் யாரோட நடந்து வர்றதுன்னுதான் யோசிச்சிட்டிருந்தேன். இன்னும் யோசிச்சு முடியல. நீங்க வாசிங்க."

 பெண்கள் பக்கத்திலிருந்து படப்பை அம்மாவின் குரல் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வந்தது. "பாவம் மனுசன். இதைத்தான் இத்தினி நாளா யோசிச்சுகினு இருந்தாரா?"

எனக்குக் கண்ணை மறைத்துக்கொண்டு வந்தது. போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டார். ஓலையைத் தூக்கிப் பிடித்து, என் பெயரிலிருந்து திரும்பவும் வாசிக்க ஆரம்பித்தார். வாசித்து முடிக்கும் வரை அப்பா நின்றுகொண்டே இருந்தார்.